வெளிவட்டச் சாலை வந்தும் பெருங்களத்தூர் ஏன் திணறுகிறது?

தாம்பரத்தான்:
சென்னையின் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கி.மீ., ஆறு வழி. நெமிலிச்சேரி வரை 2014-லேயே திறந்தாச்சு, மீஞ்சூர் வரை 2021-ல். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் வண்டி நகரவில்லை. இன்னும் எத்தனை வட்டம் போட்டாலும் இதே கதைதான்.

கண்டெய்னர் கணேசன்:
அந்த நேரத்தில் அங்கே நிற்பது யார்னு பாருங்க. கிண்டி, சைதாப்பேட்டை வேலைக்குப் போகிற பைக், கார், பஸ். இவர்களுக்கு மீஞ்சூர் பக்கம் என்ன வேலை? இந்தச் சாலை ஒரகடம், மறைமலைநகர் சரக்கு ஊருக்குள் நுழையாமல் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போவதற்கு. வழியில் நசரத்பேட்டையில் பெங்களூர் ரோடு, நெமிலிச்சேரியில் திருவள்ளூர் ரோடு, நல்லூரில் கல்கத்தா ரோடு மூன்றையும் பிடிக்கிறது. அந்த லாரியெல்லாம் மதுரவாயல் பைபாஸில் ஏறினால் என்ன ஆகும்?

தாம்பரத்தான்:
சரக்குக்குச் சரி. ஆனால் இது வட்டமே இல்லை சார், பாதி வளையம். வண்டலூரில் முடிகிறது. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) போகணும்னா கண்டிகை, மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் ரோடுதான். கடை, கல்லூரி, யு டர்ன் எல்லாம் அதே ரோட்டில். ஆறு வழியில் வருகிற வண்டியை அதில் கொட்டினால் வண்டலூர் அடைக்காமல் என்ன செய்யும்?

நெடுஞ்சாலை மணி:
இரண்டு பேரும் விட்டது இரவு நேரம். ஓட்டுநருக்கு நிறுத்த இடம் இல்லாததால் லாரியை இடது ஓரத்தில் போடுகிறார். 80 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு, மூளை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கும் 2.5 நொடியிலேயே 55 மீட்டர் போய்விடும். முழுசா நிற்க 120 மீட்டர் வேண்டும் என்பது சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் கணக்கு. டிம் லைட் 50 மீட்டர் சுமாருக்குத்தான் காட்டும். பின்னால் ஒளிரும் பட்டை இல்லாத டிரெய்லர் கண்ணில் படும்போது நேரம் கடந்துவிடும். விளக்கு, லாரி நிறுத்துமிடம், கழிப்பறை மூன்றும் சேர்ந்து வந்தால்தான் ஓரம் காலியாகும். அபராதம் மட்டும் போட்டால் லாரி அடுத்த பாலத்தடியில் நிற்கும்.

கண்டெய்னர் கணேசன்:
இதை ஏற்கிறேன். 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்து, சாலைக்கு 72 மீட்டர் போக மீதி 50 மீட்டரை வணிகத்துக்கு ஒதுக்கினார்களே, அதில் முதலில் லாரி நிறுத்துமிடம் கட்டியிருக்க வேண்டும்.

தாம்பரத்தான்:
என் பயமே அந்த 50 மீட்டர்தான். நூறடி ரோடும் ஊரைச் சுற்றிப் போகப் போட்டதுதான். இன்று வடபழனி, அசோக் நகர் நடுவில் கிடக்கிறது. கடைக்கும் கிடங்குக்கும் மெயின் ரோட்டிலேயே வழி விட்டால் இதற்கும் அதே கதி.

நெடுஞ்சாலை மணி:
அதற்குத்தான் சர்வீஸ் ரோடு. கிடங்கு வாசல் அதில் மட்டும் திறக்கணும், மெயினுக்கு ஏறுவது குறிப்பிட்ட சாய்தளத்தில் மட்டும். நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி கொடுத்தாலும் பத்து பேர் கேட்பார்கள். அடுத்து எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. எல்லைச் சாலை வருகிறது. இந்த விதியை அங்கே திறப்பு விழாவுக்கு முன்பே போடணும். வாசல் வைத்து வியாபாரம் தொடங்கிய பிறகு ஒருத்தரையும் நகர்த்த முடியாது.