ஆட்டோ வைப்பரை நம்பலாமா?

நண்பர்களே, புது கார் வாங்கி மூணு மாசம் ஆகுது. மழை பெய்தா தானாவே ஓட வேண்டிய ஆட்டோ வைப்பர், லேசான தூறலுக்கு அசையவே மாட்டேங்குது. மழை விட்டு, காய்ஞ்ச கண்ணாடியில திடீர்னு கரகரன்னு தேய்க்குது. கண்ணாடிக்குள்ள இருந்து அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்த்துதான் சென்சார் மழையைக் கண்டுபிடிக்குது. அப்போ மேல படிஞ்ச எண்ணெய்ப் பிசுக்கும் அதை ஏமாத்துமோ?

இருட்டானா தானாவே எரியுற ஹெட்லைட்டைக் குறை சொல்ல மாட்டேன். சுரங்கப்பாதையில நான் மறந்தாலும் அது மறக்கலை. ஆனா பகல் மூடுபனியில, வெளிச்சம் இருக்கேன்னு எரியாம இருந்துடுச்சு. கையாலதான் போட்டேன். (வைப்பரை ஆஃப் பண்ணாம கார் கழுவி, விரல் தப்பினது தனிக் கதை!)

மழை சென்சாரோட சென்சிட்டிவிட்டியை நீங்க எந்த அளவுல வெச்சிருக்கீங்க? இல்ல, வைப்பரை மட்டும் பழையபடி கையாலயே போட்டுக்கிறீங்களா?