'பன்முறைச் சேவை மட்டம்' வேண்டாம்: 'பயணமுறைவாரிச் சேவைப் படிநிலை' என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஒரு சாலைத்தடம் காரில் செல்பவர், பேருந்துப் பயணி, மிதிவண்டி ஓட்டுபவர், நடந்து செல்பவர் ஆகியோருக்கு எந்த அளவு பயன்படுகிறது என்பதை அளக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் 'multimodal level of service') முன்மொழியப்பட்டுள்ள 'பன்முறைச் சேவை மட்டம்' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. 'பன்முறை' என்றதும் 'பல தடவை' என்ற பொருளே முதலில் தோன்றும். 'மட்டம்' அளவைக் குறிக்கும் சொல்தான் என்றாலும், பேச்சில் அது தாழ்ந்த தரத்தையும் சுட்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு பயணமுறைக்கும் தனித்தனிக் கணக்கு என்பதை அச்சொல் உணர்த்தாததுதான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு 1965ஆம் ஆண்டுப் பதிப்பில் சாலையின் சேவையை அளக்க, மிகச் சிறந்த 'ஏ' முதல் மிக மோசமான 'எஃப்' வரை ஆறு படிகளை அறிமுகப்படுத்தியது. சைகை விளக்குச் சந்திப்பில் வண்டியொன்றின் சராசரித் தாமதம் 10 நொடிக்குள் அடங்கினால் 'ஏ', 80 நொடியைத் தாண்டினால் 'எஃப்' என்பது பின்வந்த பதிப்புகளின் கணக்கு. நாற்பது பேரை ஏற்றிவரும் பேருந்தும் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் காரும் அக்கணக்கில் ஒவ்வொரு வண்டிதான். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு நகரச் சாலைகளில் நான்கு பயணமுறைகளுக்கும் தனித்தனியே படி வகுத்தது: நடப்பவருக்கு நடைபாதையின் அகலமும் அருகில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும், மிதிவண்டிக்குத் தளத்தின் நிலையும் கனரக வண்டிகளின் பங்கும், பேருந்துக்கு அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதும் கணக்கில் வந்தன.

நடைபாதையில் ஒரு மீட்டரை வெட்டியெடுத்து, திரும்பும் வண்டிகளுக்குத் தனித்தடம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கார்களின் தாமதம் குறையும், அவற்றின் படி உயரும். அதே இடத்தில் வண்டிகள் தோளை உரசுவதுபோல் கடக்க, ஒடுங்கி நடப்பவரின் படி இறங்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. ஆகவே கலைச்சொல்லே தனித்தனிக் கணக்கு என்பதைச் சொல்ல வேண்டும். 'பல்', 'பன்' என்னும் முன்னொட்டுகள் தொகுப்பை உணர்த்துகின்றன. 'மாவட்டவாரி', 'வகுப்புவாரி' என்பவற்றில் நாம் நாள்தோறும் புழங்கும் 'வாரி' பிரிப்பை உணர்த்துகிறது.

'ஊர்தி வகை' என்று தொடங்கலாம் என்ற கருத்தும் வந்தது. நடப்பவருக்கு ஊர்தி ஏது? அளவீட்டில் நெடுங்காலம் விடுபட்டவரைச் சொல்லிலும் விட்டுவிடக் கூடாது என்பதால் 'பயணமுறை' என்பதையே வலியுறுத்துகிறேன்.

இதனுடன் சேர்ந்து வரும் வேறு சொற்களில், 'சேவைத் தரம்' என்பதை, பயணி உணரும் நன்மை தீமையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக விட்டுவைக்கலாம். அதை எண்ணால் அளந்து ஆறாகப் பகுப்பதற்குப் 'படிநிலை' பொருந்தும். இணைச்சாலைகளும் இருப்புப்பாதையும் சேர்ந்த அகன்ற தடத்துக்கு (ஆங்கிலத்தில் 'corridor') 'தடத்தொகுதி' போதும். 'வழித்தடம்' ஏற்கெனவே பேருந்துக்கு உரியதாகிவிட்டது.

சொல் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை முழுமையாக எழுதிவிட்டுப் பின்னர் 'முறைவாரிப் படிநிலை' எனச் சுருக்கலாம். 'சேவைப்படி' என்று மட்டும் சுருக்க வேண்டாம். 'பயணப்படி', 'பஞ்சப்படி' வரிசையில் அதுவும் ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும்.