தூண்ல மோதி ஆர்சி கார் (ரிமோட் கார்) முன் ஆர்ம் (சக்கரத்த வண்டியோட சேக்குற கை) போச்சுங்க, அலுமினியம் போட்டுடலாமா?

கோவை_குட்டி_டிரக்

அண்ணன்மாருங்களுக்கு வணக்கம், ஆறு மாசமாத்தான் ஆர்சி கார் ஓட்டறேன். நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு (1/10) அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக், டூ வீல் டிரைவ், பிரஷ்டு மோட்டார். கூட வந்த நிக்கல் பேட்டரிய தூக்கி வச்சுட்டு 2எஸ் லிப்போ (ரெண்டு செல் லித்தியம் பேட்டரி) போட்டேன், அதுல இருந்து வண்டி பறக்குதுங்க. போன ஞாயித்துக்கிழம அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ஓட்டிட்டு இருந்தப்ப திடீர்னு திரும்பவே இல்ல, பிரேக்கும் பிடிக்கல, அதே வேகத்துல போயி தூண்ல படார்னு ஒரு சாத்து. முன்னாடி வலது பக்க கீழ் ஆர்ம் ரெண்டு துண்டு, சக்கரம் தொங்குது, பாடியில ஒரு ஜாணுக்கு கிழிசல், ஸ்டியரிங்க திருப்புனா கர்ர்ர்னு சத்தம் மட்டும்தான் வருது. ஆர்ம்ல ஃபெவிகுவிக் ஊத்தி பாத்தேன், கைய எடுத்ததும் பிரிஞ்சுக்குது. ஆன்லைன்ல அலுமினிய ஆர்ம் ஜோடி கண்ணுல பட்டுச்சு, விலை ஜாஸ்திதான், ஆனா அத போட்டுட்டா இனி உடையற பேச்சே இருக்காதுல்லங்க?

டார்க்_மச்சி

போடு ப்ரோ. நீலக் கலர்ல செம்மயா இருக்கும். நான் போட்டு ஒரு வருசம், ஒண்ணும் ஆகல.

பழைய_பினியன்

ஒண்ணும் ஆகலன்னா மச்சி இன்னும் தூண்ல மோதலன்னு அர்த்தம் 😀

தம்பி, அலுமினியம் வேணாம். பழைய வீட்டுல ஃபியூஸ் கட்டை அடிக்கடி போகுதுன்னு தடிமனா ஒரு கம்பிய முறுக்கி போட்டு விடுவாங்கள்ல, அந்தக் கதைதான் இது. ஃபியூஸ் போகாது, வயரிங் போயிடும். ஆர்ம் உடையலன்னா மோதுன அடி எங்கயாவது போயித்தான ஆகணும், ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஆடுற அச்சுக் கம்பி) வளையும், பல்க்ஹெட் (ஆர்ம் மாட்டுற பாகம்) பிச்சுக்கும், கடைசில சேசிஸே விரிசல் விடும், அப்ப முழு வண்டியவும் கழட்டணும். அதுவும் போக அலுமினியம் வளைஞ்சா வளைஞ்சதுதான், நைலான் ஓரளவு வளைஞ்சுட்டு திரும்பிக்கும். ஸ்டாக் ஆர்மே போதும், இல்ல உன் மாடலுக்கு ஆர்பிஎம் கம்பெனி நைலான் ஆர்ம் கிடைச்சா அத வாங்கு. ஃபெவிகுவிக் நைலான்ல நிக்காது, அந்த ஆசைய விட்டுரு.

புது ஆர்ம் மாட்டுறதுக்கு முன்னாடி அந்த ஹிஞ்ச் பின்ன உருவி கண்ணாடி மேல உருட்டிப் பாரு, தடக் தடக்குன்னு குதிச்சா வளைஞ்சிருக்கு, மாத்திரு. வளைஞ்ச பின்னோட மாட்டுனா ஆர்ம் இறுகிப் போயி சஸ்பென்ஷன் வேலையே செய்யாது.

ஸ்டியரிங் சத்தத்துக்கு, சர்வோவுல (ஸ்டியரிங்க திருப்புற குட்டி மோட்டார்) இருந்து லிங்க் கம்பிய கழட்டிட்டு திருப்பிப் பாரு. அப்பவும் கர்ருன்னா உள்ள பல்சக்கரம் மொட்டை ஆயிருச்சு. லிங்க் இல்லாம சத்தம் இல்லன்னா சர்வோ சேவர் (மோதுற அடிய சர்வோவுக்குப் போகாம தாங்குற பாகம்) ஸ்பிரிங்க பாக்கணும். புது சர்வோ வாங்குனா மெட்டல் கியர் வாங்கு, ஆனா தண்டுல இருக்குற பல்லு எத்தனைன்னு எண்ணிட்டு வாங்கு, ஃபுட்டாபா வகைக்கு 25, ஹைடெக்னா 24, கேஓ மாதிரி சிலதுக்கு 23. மாறிப்போச்சுன்னா பழைய ஹார்ன் (சர்வோ தண்டுல மாட்டுற கை) ஏறாது. எங்கிட்ட டப்பாவுல அப்படி வாங்குனது ரெண்டு தூங்குது.

இப்ப முக்கியமான விசயம். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்துல போச்சுன்னு எழுதிருக்க பாரு, அதான் எனக்கு உறுத்துது. சர்வோ மட்டும் போயிருந்தா பிரேக் பிடிச்சிருக்கணும். ரெண்டும் சேந்து போனா சிக்னல்தான் கட் ஆயிருக்கு. வண்டிய ஒரு டப்பா மேல தூக்கி வையி, சக்கரம் தரையில படக்கூடாது, லேசா திராட்டில் குடுத்துக்கிட்டே ரிமோட்ட ஆஃப் பண்ணு. சக்கரம் நிக்கணும். நிக்காம ஓடுச்சுன்னா ஃபெயில்சேஃப் (சிக்னல் போனா வண்டிய நிறுத்துற வசதி) சரியா செட் ஆகல. அத சரி பண்ணாம நீ தங்கத்துல ஆர்ம் போட்டாலும் அடுத்த தூண் காத்துக்கிட்டுதான் இருக்கும், தூண்னா பரவால்ல, சின்னப் பிள்ளைக விளையாடுற எடம் வேற.

அந்த லிப்போவ கழட்டி பாத்தியா? உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ சார்ஜ் போடாத, தீ பிடிச்சா எரியாத பொருள் மேல, வீட்டுக்கு வெளிய வச்சிரு. ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) இன்னும் நிக்கல் மோட்லயே இருக்கான்னும் பாரு. செல்லுக்கு 3 வோல்ட்டுக்கு கீழ போனா லிப்போ வீணாயிரும், லிப்போ மோடுல இருந்தாத்தான் அதுக்கு முன்னாடியே கட் பண்ணும்.

கோவை_குட்டி_டிரக்

அண்ணா நீங்க சொன்ன மாதிரியே டப்பா மேல வச்சு பாத்தேன், ரிமோட்ட ஆஃப் பண்ணியும் சக்கரம் பாட்டுக்கு சுத்திட்டே இருக்குதுங்க!! வயிறு கலக்கிருச்சு. ரிமோட்டுக்குள்ள கிடந்த பேட்டரி டிவி ரிமோட்ல இருந்து உருவிப் போட்டது, அது செத்திருக்கும்போல. மேனுவல் பாத்து ஃபெயில்சேஃப் செட் பண்ணிட்டேன், இப்ப ஆஃப் பண்ணுன உடனே நிக்குது. சர்வோவும் நீங்க சொன்னதுதான், பிரிச்சா ஒரு பல்சக்கரத்துல பாதி மொட்டை. லிப்போ நல்லாத்தான் இருக்கு, ஈஎஸ்சி நிக்கல் மோட்லதான் இருந்துச்சு, மாத்திட்டேன். பாடிக்கு என்ன பண்றதுங்க, அதுக்கும் புதுசா?

ரொறன்ரோ_ராசன்

தம்பி, பாடிக்கு ஏன் காசு செலவழிக்கிறீர். கிழிசல் முடியிற இடத்தில சின்னதா ஒரு ஓட்டை போடும், அதுக்குப் பிறகு கிழிசல் மேல போகாது. பிறகு உள்பக்கத்தால வலை ரேப் (டேப்) ஒட்டி, ஜிப்சம் போர்ட் மூட்டுக்கு ஒட்டுவினமே அந்த வலை, அதுக்கு மேல ஷூ கூ (சப்பாத்து ஒட்டுற பசை) பூசி ஒரு நாள் காய விடும். பார்க்க வடிவா இராது, ஆனா உடையாது. என்ர பாடியில இப்ப பாடியை விட ஷூ கூதான் கூட.

இன்னொண்டு, புது நைலான் ஆர்ம் காய்ஞ்சு இருந்தா கெதியா உடையும். கொதிக்கிற தண்ணிக்க இருபது நிமிசம் போட்டு எடுத்தால் நைலான் தண்ணியைக் கொஞ்சம் இழுத்து இளகும். இஞ்ச குளிர் காலத்தில வெளியில ஓடினால் சின்ன அடிக்கே உடையும், அதால நான் ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான் செய்யிறனான். பிளாஸ்டிக்கில ஸ்குரூ பூட்டேக்க முதல்ல பின்பக்கமா சுத்தும், டக் எண்டு பழைய புரியில விழும், பிறகு முன்னுக்கு இறுக்கும். நேர இறுக்கினால் புது புரி வெட்டி ரெண்டாம் முறையே லூசாப் போயிடும்.

கோவை_குட்டி_டிரக்

ஆர்ம் வந்துருச்சு, பால் குக்கர்ல போட்டு கொதிக்க வச்சேன், அம்மா பாத்துட்டாங்க, இப்ப வீட்டுல புது பால் குக்கரும் நான்தான் வாங்கித் தரணுமாம். வண்டி ஓடுது. ஆனா நேரா விட்டா வலது பக்கமா இழுக்குதுங்க, ரிமோட்ல நேரா ஓட சரி பண்ற டிரிம் முழுசா திருப்பியும் பத்தல.

பழைய_பினியன்

சர்வோவ பவர் குடுத்து நடுவுல நிக்க வச்சுட்டு அப்புறமா ஹார்ன் மாட்டுனியா? இல்லன்னா கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டு. டை ராட் (ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்குற கம்பி) ரெண்டு பக்கமும் ஒரே நீளமான்னு ஸ்கேல் வச்சு பாத்துக்க. அந்த பழைய பால் குக்கர தூக்கிப் போட்றாத, இனி ஆர்முக்கு அதான்.