ராஜா பாட்டு கேட்க நாலு பேர் வேண்டும்

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். நான் தக்கலை. ராத்திரி கடை அடைத்ததும் மொட்டைமாடியில் ஹெட்போன் மாட்டி, இளையராஜாவை 1976இல் வந்த முதல் படத்திலிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறேன். நேற்று ஒரு பாட்டில் புல்லாங்குழல் ஓய்ந்து வயலின்கள் எழும் இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் சொல்லத்தான் ஒரு ரசிகர் வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். அங்கே காலை வணக்கமும், ரகுமானா ராஜாவா சண்டையும்தான். மியூட் போட்டாலும் கை சும்மா இருப்பதில்லை, திறந்து பார்த்து மனசு கசந்துவிடுகிறது. விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், ஆனால் அவர் எனக்கு மாமா முறை, வருத்தப்படுவார். அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் மாதம் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை பேசாமல் கேட்க யாராவது உண்டா?