வளையம் போடுவதா, இரைப்பையை வெட்டுவதா?

காட்பாடிக்காரன்:
என் தங்கைக்கு எடை, சர்க்கரை இரண்டும் கட்டுக்குள் வரவில்லை. ஸ்லீவ் என்ற எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்களாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேண்ட் என்று இரைப்பையைச் சுற்றி சிலிக்கோன் வளையம் போடுவார்களே, அதில் எதையும் வெட்டுவதில்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சத்துவாச்சாரி சிஸ்டர்:
தம்பி, நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்த பிறகு பேண்டுக்கு நல்ல மவுசு இருந்தது. இப்போது போடுபவர்களே குறைவு. இரைப்பையின் மேல்பகுதியில் வளையத்தை மாட்டினால் அதற்கு மேலே 15 முதல் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை உருவாகும். கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்று தோன்றும். வளையத்தோடு குழாயால் இணைத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட் என்ற சின்னக் குமிழில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். இப்படிச் சரிபார்க்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வளையம் நழுவலாம், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளேயும் போகலாம். அதனாலேயே திரும்பக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

குடியாத்தம் மருமகள்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஒருபக்கமாக இருக்கிறது. கர்ப்பம் தரித்தால் வளையத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை போலக் குடலை மாற்றி இணைப்பதில்லை, அதனால் சத்து உறிஞ்சுவது கெடாது. அவர் தங்கைக்கு என்ன வயது என்றுகூடக் கேட்காமல் தள்ளிவிடுகிறீர்களே!

சத்துவாச்சாரி சிஸ்டர்:
தளர்த்தினால் பசி திரும்பி வரும். தவிர, பேண்ட் தடுப்பது கெட்டி உணவைத்தான். சோறு நிற்கும், பாயசமும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஸ்லீவில் பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியே போய்விடுகிறது. சர்க்கரைக்கும் அதுதான் மேல். பி12, இரும்புச்சத்து மாத்திரைகளை மட்டும் விடக்கூடாது.

ஆம்பூரான்:
எதற்கு இத்தனை வம்பு? பிரியாணியைக் குறைத்து, தினமும் கோட்டையைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள்.

குடியாத்தம் மருமகள்:
வந்துவிட்டார். நடக்காமலா மருத்துவரிடம் போயிருப்பாள், அண்ணா? ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 27.5 தாண்டினாலே அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்று 2022 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. எடை கூடுவது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

காட்பாடிக்காரன்:
எல்லாம் சரி. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாதே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சத்துவாச்சாரி சிஸ்டர்:
முடியாதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வளையத்தைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்காதே. உள்ளே தழும்பு இருக்கும், எடையும் ஏறும். அப்புறம் ஸ்லீவோ பைபாஸோ செய்ய வேண்டி வந்தால், முதல்முறை செய்வதைவிடச் சிக்கல் அதிகம். அது இருக்கட்டும், தங்கை என்ன சொல்கிறாள்? அதை நீ எழுதவே இல்லையே.