டிஎன் வண்டி, பெங்களூரு வாசம்: நம்பர் மாற்றணுமா?

கேள்வி: வேலை மாற்றலில் பெங்களூரு வந்தாச்சு. கார் தமிழ்நாட்டுப் பதிவு, வங்கிக் கடன் இன்னும் முடியல. உடனே கர்நாடகாவின் கேஏ நம்பர் வாங்கணுமா? கட்டின ஆயுள் வரி அவ்வளவுதானா?

பதில் 1: அவசரமில்லை சார். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புது எண். ஆனா எப்போ வந்தது என்பதைக் காட்ட ஆதாரம் வேணும். ஃபாஸ்டேக் பதிவு, பணிமாற்றக் கடிதம் ரெண்டையும் டேஷ்போர்டில் போட்டு வையுங்க.

மாற்றுவதானால் முதல் வேலை பழைய ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. அதுக்குப் படிவம் 28. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் மேல் தாள் வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்து படிவத்தில் ஒட்டணும். எண் மேல் துரு, கிரீஸ் இருந்தா எழுத்து விழாது, துடைச்சிட்டுத் தேய்ங்க. கடன் இருப்பதால் வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாம நகராது. கட்டாத அபராதச் சலான் ஒன்று கிடந்தாலும் அங்கேயே நிற்கும். முக்கியமா, பெங்களூருவில் குடியிருக்கும் ஏரியாவுக்கு எந்த ஆர்டிஓ என்று பார்த்து படிவத்தில் எழுதுங்க.

பதில் 2: வரி போகாது. பெங்களூரு ஆர்டிஓவில் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயசுக்கேற்ற வரி கட்டி, புது ஆர்சி (பதிவுச் சான்று) வந்த பிறகு பழைய ஆர்டிஓவில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். இன்சூரன்ஸிலும் எண்ணை மாற்றிடுங்க, இதைத்தான் பலரும் மறக்கிறாங்க.

பதில் 3: கம்பெனிக்கு 4 மாநிலங்களில் அலுவலகம் உண்டா? கம்பெனியிடம் படிவம் 60 (பணிச் சான்று) வாங்கி, மாநிலம் மாறினாலும் எண் மாற்ற வேண்டாத பிஎச் (பாரத்) வரிசைக்குப் போங்க. வரி 2 வருஷத்துக்கு ஒருமுறை. அடிக்கடி மாற்றல் வரும் வேலைன்னா அதுதான் தேவலை.