காலையில் மட்டும் மக்கர் பண்ணும் கம்ப்யூட்டர்: எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) தானா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நெல்லை பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை சிஸ்டம். விண்டோஸ் 10, ராம் 4+4 ஜி.பி., 240 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. காலையில் முதல் ஆனில் சில நாள் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று நின்றுவிடுகிறது. சில நாள் சமத்தாக வருகிறது. ரீஸ்டார்ட்டில் தொல்லையே இல்லை.

விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினால் கெட்ட ஃபைல் இருக்கிறது, சிலதைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. நல்ல நகலை வைத்திருக்கும் காம்பொனென்ட் ஸ்டோரே கெட்டிருந்தால் அது எங்கிருந்து எடுத்து ஒட்டும்? அதனால் முதலில் அந்த ஸ்டோரைச் சரிசெய்யும் டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளை, அப்புறம் மறுபடி எஸ்.எஃப்.சி. எல்லாம் சுத்தம். ஆனால் சில நாளில் வேறு ஃபைல்கள் எஸ்.எஃப்.சி. முடிவுகள் பதிவாகும் சி.பி.எஸ். லாகில் கெட்டதாகத் தலைகாட்டுகின்றன. ஆகவே 'ஃபார்மட் போடுங்க' என்று மட்டும் சொல்லிராதீங்க. போட்டாலும் திரும்ப வரும்.

எஸ்.எஸ்.டி. தன் ஆரோக்கியத்தைத் தானே பதியும் ஸ்மார்ட்டில் ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடம்) பூஜ்யம். சி.ஆர்.சி. (டேட்டா போய்வரும்போது நேரும் பிழை) எண்ணிக்கை ஏறவில்லை, எனவே சாட்டா கேபிள் மேல் பழி போட முடியாது. பாதி நிலையைச் சேமித்து வைத்து வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆஃப். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நாலு சுற்று ஓட்டியதில் பிழையில்லை, ஆனால் மெஷின் சூடான பிறகு ஓட்டியது.

மிச்சம் எஸ்.எம்.பி.எஸ். இந்த எஸ்.எஸ்.டி. 5 வோல்ட் லைனில் ஓடுவது, 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டரில் 5.02 நிற்கிறது. ஆனால் கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால், ஆறிக் கிடக்கும் சப்ளையை ஆன் செய்யும் நொடியில் வரும் சரிவைச் சாதா மல்டிமீட்டர் பிடிக்காது.

பாளை, வண்ணார்பேட்டை பக்கம் இந்த நொடிச் சரிவை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர் உண்டா? இல்லையென்றால் மாற்றிப் பார்க்க நல்ல 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒரு வாரம் இரவல் கிடைக்குமா? அதற்கு முன் ராமை ஒவ்வொன்றாகக் கழற்றி, காலைக் குளிரிலேயே மெம்டெஸ்ட் ஓட்டுவதில் பலன் இருக்குமா?